லிண்டலைப் பார்த்தபடி சிமெண்டில் நின்றேன்

நான் கணபதி பகுதியில் வீடு கட்டுவது இந்த மின்னஞ்சல் குழுவில் எல்லோருக்கும் தெரியும். லிண்டல், சன்ஷேடு, கியூரிங் என்று புதிதாகக் கற்ற சொற்களால் உங்களை வதைத்துவருவதும் தெரியும்.

இன்று காலை கொத்தனாரையும் விடவில்லை.

ஜன்னலுக்கு மேலிருந்த லிண்டலை அண்ணாந்து பார்த்து, பின்னால் நகர்ந்துகொண்டே விளக்கினேன். "கியூரிங்தாங்க முக்கியம். புதுச் சிமெண்ட் எதுவானாலும் ஏழு நாளைக்கு நனைக்கோணும். அதுவரைக்கும் ஒருத்தரும் மிதிக்கக் கூடாது."

அவரும் இரண்டு ஆட்களும் கைகட்டிக் கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் முடித்ததும் கொத்தனார் மெதுவாக, "ஏனுங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துருங்க. அது இப்பத்தான் பூசின தரைங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். இரண்டு செருப்பும் சிமெண்டில் புதைந்திருந்தன.

"முதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே?"

"நீங்க பேசிட்டு இருந்தீங்க. குறுக்கால பேசறது மரியாதை இல்லீங்களே."

கரணையால் தடத்தைத் தேய்த்து மூடிவிட்டார். செருப்புத்தான் தேறவில்லை. பிரவுசிங் சென்டரில் வெறுங்காலோடு உட்கார்ந்து இதை அடிக்கிறேன்.

இத்தனை நாள் என் கட்டுமானப் பாடங்களுக்கு இங்கே ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. அதுவும் மரியாதைதானா? உண்மையைச் சொல்லுங்கள்.