கல்லை விடாத மீன்

பொக்லைன் ஓட்டும் அவரை எல்லாரும் 'துடைப்பம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஓடையைச் சுத்தம் செய்கிறார். கரையைச் செதுக்கி, கல்லை வாரி, வளைந்து போகிற தண்ணீரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஆக்கிவிடுவார். சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கழுவினதுபோல வைத்துவிட்டு எழுந்திருக்கிற மனுஷர்.

அவர் மனைவிக்கு மீன்வளத் துறையில் வேலை. அதே ஓடையில் வலை போட்டு, எத்தனை வகை மீன் என்று எழுத வேண்டும். இருவருக்கும் சம்பளம் தருவது ஒரே அரசாங்கம். வேலைக்குச் சேர்ந்தபோது இருபத்தோரு வகை எழுதிய அந்த அம்மாள், இந்த வருஷம் எட்டு என்று எழுதினார். மீன் குறைந்தது என்றும் சொல்வதற்கில்லை. நேராக்கிய இடத்திலெல்லாம் எதையும் தின்று பிழைக்கும் ஒரே வகை கொழுத்துத் திரிந்தது. வலை நிறைந்துதான் வந்தது.

எட்டாவது வகை கல்லொட்டி. விரல் நீளம். பொக்லைன் படாத கடைசி வளைவில் மட்டும் மிச்சம். அந்த வளைவுக்கும் வெள்ளிக்கிழமை உத்தரவு வந்துவிட்டது.

"கல்லை எடுத்தா அது எங்கங்க போகும்?"

"சத்தம் கேட்டா ஓடிடும். மீனுக்கு நீந்தச் சொல்லித்தரணுமா?"

"ஞாயித்துக்கிழமை எங்கூட வந்து பாருங்க."

முனகிக்கொண்டே போனார். அம்மாள், அடியில் கண்ணாடி வைத்த பெட்டி ஒன்றைத் தண்ணீரில் பதித்துக் கொடுத்தார்.

"இதுல முகத்தை வைங்க. பேசக் கூடாது."

"வீட்டுல மட்டும் பேச விடுறியாக்கும்."

குனிந்தவர் நிமிரவில்லை. கீழே இன்னொரு பகல் இருந்தது. வெயில் வலைவலையாகக் கற்கள்மேல் ஊர்ந்தது. பாசி யாருடைய தலைமுடியோபோல அலைந்தது. கல்லில் வயிற்றை ஒட்டிக்கொண்டு அந்தச் சின்ன மீன்கள் வால் மட்டும் அசைய நின்றன. முழங்கால் மரத்துப்போனது அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் கையைப் பொக்லைன் வாய்போல வளைத்து, மெல்ல உள்ளே இறக்கினார்.

மீன் ஓடவில்லை. இன்னும் தட்டையாகி, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டது. மறுபடி இறக்கினார். இன்னும் இறுக்கிப் பிடித்தது.

தாடையில் நீர் சொட்ட நிமிர்ந்தார். "ஓடலையே."

"பயந்தா அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க."

லாரி லாரியாக அவர் ஏற்றிவிட்ட ஈரக் கற்கள் நினைவில் வந்தன. அவற்றில் பழுப்பாய் ஒட்டியிருந்தவையும். "இலைன்னு நெனச்சேன்," என்றார்.

திங்கட்கிழமை அந்த வளைவிலிருந்து நான்கு டயர், ஒரு கட்டில், மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக் எல்லாம் கரையேறின. மதியம் இளம் என்ஜினீயர் புது ஷூவோடு வந்து நின்றார்.

"என்ன அண்ணே, கல்லெல்லாம் அப்படியே கெடக்கு?"

"சுத்தம் பண்ணச் சொன்னீங்க சார். பண்ணியாச்சு."

"அப்ப கல்லு?"

"அது குப்பை இல்ல சார். அதுல குடியிருக்காங்க."

"யாரு?"

"எறங்கிப் பாருங்க. முழங்கால் தண்ணிதான்."

என்ஜினீயர் தண்ணீரைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். "மழையில தண்ணி ஏறுச்சுன்னா உங்க தலையிலதான் விடியும்," என்று சொல்லி, வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டார்.

துடைப்பம் பொக்லைனைக் கிளப்பினார். தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவர்போல, அத்தனை டன் இரும்பையும் கரையோரமாக மெல்ல, மெல்ல ஓட்டிக்கொண்டு போனார்.