வரப்புச் சண்டையும் என் ரோஷமும்

செஞ்சியில் தனியார் சர்வேயராக இருப்பவனைச் சந்தோஷமாக இருக்கும்போது எவரும் கூப்பிட மாட்டார்கள். வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பாகப் போகிற நேரத்தில்தான் போன் வரும். ஊர்ச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு பிழைப்பவர்களே, என் எரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ரோஷம்

தொண்டூரில் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு. நான் டேப்பை விரித்ததுமே தம்பி மண்வெட்டியை ஓங்கினார். அடி படாமல் அண்ணனை விலக்கப் போனேன். காம்பு என் தோளில் இறங்கியது. போலீஸில் எழுதிக் கொடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். கொடுத்தால் அவர் உள்ளே போவார், அண்ணன் தம்பி உறவும் அதோடு போகும். அடித்தவனைத் திருப்பி அடிக்காதே என்று நான் கும்பிடுகிற ஏசு சொல்லியிருக்கிறார். "கேஸ் வேணாம். ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனை டேப்பைப் பிடிங்க, அளக்கறேன்" என்றேன். பிடித்தார்கள். அளந்த இடத்தில் கல்லும் நட்டார்கள். வீங்கிய தோளோடு நான் வண்டியை எடுக்கும்போது தம்பி கேட்டார்:

"இன்னா சார், உனுக்கு ரோஷமே கெடையாதா?"

கடப்பாரை

ரோஷம் இருப்பதால்தானய்யா கையை மடக்கிக்கொண்டு நின்றேன். சரி, அவரை விடுங்கள். எங்கள் மாதா கோயில்காரர்களை என்ன சொல்ல?

கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்து நிலம் மேல்சித்தாமூர் நயினார் ஒருவருடையது. ஜைனர். அவருடைய வேலிக்கல் எங்கள் இடத்துக்குள் இருக்கிறது என்று ரொம்ப நாள் புகைச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் சமாதானத்தைப் பற்றித்தான் பிரசங்கம் வைத்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கைகூப்பிச் சமாதானம் சொன்னோம். பூசை முடிந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, நாலு பேர் கடப்பாரையோடு கிளம்பிவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடிப்போய் அந்தக் கல்மேலேயே உட்கார்ந்தேன். "அளக்காம தொட்டீங்கன்னா என்னையும் சேர்த்துப் பிடுங்கிப் போடுங்க" என்றேன்.

அளந்தேன். ஒன்றரை அடி விழுங்கியிருந்தது நாங்கள்தான். அளப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற நயினாரிடம் நான் ஒருவன்தான் மன்னிப்புக் கேட்டேன். நயினார் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"கடப்பாரையோட வந்தது வந்துட்டீங்க, அப்படியே கல்லை சரியான எடத்துல நட்டுட்டுப் போங்க."

என் வீட்டு வழி

போன வருஷம் பொதுக் கிணற்றுக்குப் போகும் வழியை என் தம்பியே முள்வேலி போட்டு அடைத்தான். செய்தி வந்ததும் நான் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆமாம், நான்தான். என் மனைவி ஸ்டெல்லா தடுக்கவில்லை. "அவர அடிச்சிட்டு வந்து, ஞாயித்துக்கெழம பூசையில நன்மை அப்பம் வாங்க நாக்க நீட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். கம்பியைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போய்த் தம்பி வீட்டில் உட்கார்ந்தேன். அவன் முகம் கொடுக்கவில்லை. மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் அவனே வேலியைப் பிரித்தான், அதுவும் கோபமாக:

"நீ சண்டைக்கு வருவேன்னு காத்துக்கினு இருந்தேன்ணா, சும்மா வந்து வந்து உக்காந்துக்கினா நான் இன்னா பண்றது?"

சர்வே படிப்பில் கோபத்துக்கு எல்லை எது என்று யாரும் சொல்லித்தரவில்லை, அதற்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கேயும் பிரசங்க நேரத்தில் பாதிப் பேர் வெளியே பைக் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.