பாட்டை நிறுத்திய சுவர்

ஸ்பீக்கர் விற்கிற தொழிலில் வாடிக்கையாளரின் மாமியாரைக்கூடக் குறை சொல்லிவிடலாம். அவர் வீட்டுச் சுவரைக் குறை சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. மிக்ஸி ரிப்பேர், ஏ.சி. மாட்டுவது, இன்டர்நெட் இணைப்பு கொடுப்பது என்று அடுத்தவர் வீட்டுக்குள் போய் வேலை பார்க்கிற என்னைப் போன்ற பாவப்பட்ட ஜனங்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தானே.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என் கடை. ஒயர் இல்லாத ப்ளூடூத் ஸ்பீக்கர் விற்பேன், வீட்டுக்கே வந்து வைத்தும் கொடுப்பேன். நானறிய ஊரில் பொம்பளை நடத்துகிற ஸ்பீக்கர் கடை இது ஒன்றுதான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மறைக்கப் போவதில்லை.

கம்பி கட்டின வீடு

மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவர் பூஜை அறைக்கென்று ஒரு ஸ்பீக்கர் வாங்கினார். போன் முன் ஹாலில் சார்ஜில் கிடக்கும். காலையில் அங்கிருந்து பக்திப் பாட்டைப் போட்டால், உள்ளே பூஜை அறையில் விளக்கேற்றுகிற அவர் மனைவிக்குக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் தேவை. மறுநாளே ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். பாட்டு விட்டு விட்டு வருகிறதாம். கடையில் போட்டுப் பார்த்தேன். ஒரு திக்கல் இல்லை. சரியென்று அவர் வீட்டுக்கே போனேன். ஹாலுக்கும் பூஜை அறைக்கும் நடுவில் இருந்த சுவரைத் தட்டிப் பார்த்தால் பாறையைத் தட்டினது மாதிரி விரல் வலித்தது. விசாரித்தால், வீட்டுக்குள் இருக்கிற சுவருக்குக்கூடக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டிருக்கிறார் மனிதர்.

"ஸ்பீக்கர்ல குறை இல்ல அண்ணாச்சி, குறை உங்க செவத்துலதான் இருக்கு" என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் முகம் அவர் விற்கிற சரக்கின் நிறத்துக்கு வந்துவிட்டது. அவரே பக்கத்தில் நின்று கட்டின வீடல்லவா?

அந்த வாரமே பஜார் முழுக்க என் கடையைப் பற்றிப் பேச்சு பரவிவிட்டது. கரிவலம்வந்தநல்லூரில் புது வீடு கட்டுகிற ஒருவர், வீடு முழுக்க ஸ்பீக்கர் வைக்க என்னிடம் சொல்லி வைத்திருந்தார். கடை ஆரம்பித்து எனக்கு வந்த முதல் பெரிய வேலை அது. அவரும் "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பொருள் சரியில்லை என்றால் மாற்றிக் கொடுப்பேன். என்னையே ஏமாற்றுக்காரி என்றால் எதை மாற்றுவது? டீக்கடையில் அண்ணாச்சி சொன்னது சொல் மாறாமல் என் காதுக்கு வந்து சேர்ந்தது: "விக்கது டூப்ளிகேட்டு, இதுல எஞ் செவத்தக் குத்தஞ் சொல்லுதா அந்தப் பிள்ள!"

மாட்டுக்குப் பாட்டு

பெரிய வேலை போனால் என்ன, சின்ன வேலைக்குக் குறைவில்லை. ராயகிரியில் ஒரு பால்காரர் வீடு. பாட்டுக் கேட்டால் மாடு கூடுதலாகக் கறக்கிறது என்று தொழுவத்தில் ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். போன் வீட்டுக்குள் இருக்கும். காலையில் நன்றாகப் பாடுகிற ஸ்பீக்கர், சாயங்காலக் கறவைக்கு மட்டும் மக்கர் பண்ணியது. மாட்டுக்குக் கண் படுவது போல ஸ்பீக்கருக்கும் பட்டுவிட்டது என்று அதற்கொரு கறுப்புக் கயிறு வேறு கட்டியிருந்தார்கள்.

சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்காரம்மா வந்து பின்வாசல் கொசுவலைக் கதவைச் சாத்தினார். பாட்டு திக்கியது. நான் போய்த் திறந்தேன், பாடியது. பொடிக் கண் வைத்த இரும்பு வலை அது. காற்று போகும், சிக்னல் போகாது. போனை எடுத்துத் தொழுவத்து மாடத்திலேயே வைத்தேன், தீர்ந்தது பிரச்சினை. வீட்டுக்காரம்மா வாயில் கை வைத்துவிட்டார்: "கொசுவத் தடுக்கதுக்குப் போட்டா, அது பாட்டையும்லா சேத்துத் தடுக்கு!"

தபசுக் கூட்டம்

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்குக் கடையிலும் கூட்டம். தறி வைத்திருக்கிற ஒரு அக்கா போன் போட்டு, வருசம் முழுக்க ஒழுங்காகப் பாடின ஸ்பீக்கர் சொந்தக்காரர்கள் வந்த பிறகு இழுத்து இழுத்துப் பாடுகிறது என்றார். போன் எங்கே, ஸ்பீக்கர் எங்கே, நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நடுவில் ஜனங்கள்தான் இருக்கிறார்களாம், வரிசையாக, பந்திக்கு உட்கார்ந்தது போல. மனுசன் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும், ஆட்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள் என்றேன். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மறிச்சு உக்காந்திருக்கது எங்க நாத்தனாரு. ஒனக்குத் தைரியம் இருந்தா நீயே வந்து சொல்லிட்டுப் போ தாயி!"

மறுபடியும் அதே சுவர்

தபசு முடிந்த கையோடு மிளகாய் அண்ணாச்சியின் மனைவி கூப்பிட்டார். "அவுக வேற கம்பெனி ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்தாக. அதுவும் திக்குது. ஒரு எட்டு வந்து பாரும்மா" என்றார். அதுவும் திக்குகிறது என்ற வார்த்தை எனக்குப் பாயசமாக இனித்தது.

போனேன். அண்ணாச்சி வா என்றுகூடச் சொல்லவில்லை. நான் பாட்டைப் போட்டு, போனை அவர் கையில் கொடுத்து, "நீங்களே நடந்து பாருங்க அண்ணாச்சி" என்றேன். பூஜை அறை வாசலுக்கு நேராக நின்றார். பாட்டு கணீரென்று கேட்டது. ஓரடி நகர்ந்து சுவருக்குப் பின்னால் போனார், திக்கியது. மரக்கதவைச் சாத்தச் சொன்னேன், வாசலுக்கு நேராக நின்றால் அப்போதும் பாடியது. மனிதர் தராசு சரிபார்ப்பது போல இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தார். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் சொன்னேன்: "நானும் எத்தனையோ வீடு பாத்துட்டேன் அண்ணாச்சி. செங்கச் செவருன்னா சிக்னல் தட்டுத்தடுமாறியாவது வந்துரும். உள்ள இருக்க கம்பியும் கான்கிரீட்டும் சேந்து, இப்படி மறிச்சு நிப்பாட்டுன செவர நான் இங்கனதான் பாக்கேன்." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முன்பு சொன்ன அதே விஷயம்தான். அண்ணாச்சி சுவரை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு தடவிக் கொடுத்தார். சார்ஜ் போடுகிற இடத்தை வாசலுக்கு நேராக மாற்றிவிட்டு நான் கிளம்பும்போது காப்பி வந்தது.

மறுநாள் பஜார் முழுக்க அவர் சுவரின் கெட்டியைப் பற்றித்தான் பேச்சு. கூடவே அதைக் கண்டுபிடித்துச் சொன்ன என்னைப் பற்றியும். நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன், ஏன் நடக்கக் கூடாது? சாயங்காலமே கரிவலம்வந்தநல்லூர்க்காரர் கடைக்கு வந்து நின்றார். வேலை உனக்குத்தான் என்றவர், ஸ்பீக்கர்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை: "அதெல்லாம் பொறவு பாப்போம். அண்ணாச்சி செவரு மாரி எஞ் செவரும் நிப்பாட்டுதான்னு மொதல்ல வந்து பாத்துச் சொல்லும்மா!"

இப்போதெல்லாம் நான் வைத்த ஸ்பீக்கர் சுவருக்கு அந்தப் பக்கமும் தடங்கலில்லாமல் பாடிவிட்டால், வீட்டுக்காரர் எனக்கு நன்றி சொல்வதற்கு முன்னால் கொத்தனாருக்குப் போன் போட்டுச் சண்டைக்கு நிற்கிறார்.