துண்டுக்கடியில் நாலு விரல்

மணிகண்டபிரபு பத்து வருடமாய்ச் சேர்த்த நல்ல பேரை அசாருதீன் விற்ற விலை ஒரு டீ, ஒரு உளுந்தவடை. அதற்கும் காசு கொடுத்தது நல்லக்கண்ணு அண்ணாச்சி. இது நடந்தது. நம்பாதவர்கள் விளாத்திகுளம் போய் விசாரிக்கலாம். அண்ணாச்சியின் கடை அங்கேதான் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் மேசையில்தான் இப்போது யாரும் உட்காருவதில்லை.

நல்லக்கண்ணுவுக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. எடை, ஏலம், பில் எல்லாம் கம்ப்யூட்டர். அதைக் கட்டிக் கொடுத்தவன் பிரபு. பில் போடும் மென்பொருளை அதற்கு வேண்டிய சாமான்களோடு ஒரே பொட்டலமாகக் கட்டுவார்கள். கண்டெய்னர் என்பது அதுதான். பொட்டலம் ஓட ஒரு இயந்திரம் வேண்டும். தூரத்து வாடகை சர்வரில் அந்த இயந்திரத்தை உண்டாக்கித் தர ஒரு கருவி உண்டு. கட்டளை ஒன்று போதும். கடை பிடித்து, கூட்டிப் பெருக்கி, பூட்டு மாட்டி, சாவியைக் கையில் தருகிற தரகர் மாதிரி. பிரபு அப்படி நாலு நிறுத்தியிருந்தான். பேர் வைத்ததிலும் கூச்சம் கிடையாது. பிரபு-1, பிரபு-2, பிரபு-3, பிரபு-4.

அவனுக்கு ஒன்று நிறுத்தப் பத்து நிமிடம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு நிறுத்த அசாருதீனுக்கு இரண்டு நாள். இருவரும் ஒரே பாலிடெக்னிக், ஒரே பெஞ்சு. பரீட்சையில் பார்த்து எழுதியவன் பிரபு, காட்டியவன் அசாருதீன். இன்று பஜார் முழுக்க ‘பிரபு தம்பி கைராசி’ என்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் அசாருதீனுக்கு வத்தலைத் தின்ற மாதிரி எரியும்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து பைக்கில் கிளம்பிய பிரபு, வெள்ளிக்கிழமை வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது. டீக்கடையில் அண்ணாச்சி கேட்டார்.

“ஏலே அசாரு, ஒங்கூட்டாளி எங்கல?”

அசாருதீன் வாயில் வடை இருந்தது. யோசிக்க நேரமில்லை என்று சொல்ல முடியாது. மென்று முடிக்கிற வரை நேரம் இருந்தது.

“பெங்களூர்ல வேலை கெடைச்சிட்டு அண்ணாச்சி. கெளம்பிட்டான்.”

“சொல்லாமலா?”

“பெரிய சம்பளம்லா. நம்மல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?”

அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பிரபு வரவில்லை என்பது மட்டும்தான். பெங்களூர் அவன் வாயிலேயே பிறந்தது.

குளத்தூரிலிருந்து பிரபுவின் அம்மா வெயிலுகந்தம்மாள் தேடி வந்தபோதும் அண்ணாச்சி அதையே சொல்லி அனுப்பினார். “கூட்டாளியே சொல்லுதாம்லா. கவலப்படாதீய.”

அடுத்த வாரம் சனிக்கிழமை அண்ணாச்சி அசாருதீனைக் கூப்பிட்டார். கைமேல் துண்டைப் போர்த்தி, அடியில் கை நீட்டினார். வத்தலுக்கு விலை பேசுவது போலக் கூலி பேசுவதும் அப்படித்தான். எத்தனை விரல் பிடிக்கிறாரோ அது விலை. திருப்பி அழுத்தினால் சம்மதம், உதறினால் மறுப்பு. ஒன்றும் சொல்லாமல் கையை உருவிக்கொண்டால், பதில் வருகிறவரை அந்தப் பேரம் நிற்கும். அசாருதீன் உடனே அழுத்தினான்.

“திங்கக்கெழம ஏலத்துக்குள்ள அஞ்சாவது மிசினு ஓடணும்ல. ஓடுனா இனிமே கட ஒன் பொறுப்பு. இல்லாட்டா பெங்களூருலேந்து பிரபுவ வரச் சொல்லுதேன்.”

ஞாயிற்றுக்கிழமை. கடை விடுமுறை. உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அசாருதீன் மட்டும் உள்ளே. வத்தல் தூசிக்காகக் கீபோர்டின் மேல் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு கிடக்கும்.

12.05. கருவியை இறக்கி நிறுவினான். பிரபு நுழைய முடியாதபடி சர்வர் கணக்கைப் புதுக் கடவுச்சொல்லோடு இணைத்தான்.

12.21. கட்டளை போட்டான். புது இயந்திரத்தின் பேர்: அசார்-1. திங்கள் ஏலம் முடிந்ததும் பழைய நாலின் பேரையும் மாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். திரையில் வரிகள் ஓடின. உண்டாக்குகிறது… காத்திருக்கிறது… சாவி வைக்கிறது… தயார்.

நாலே நிமிடம்! பிரபுவைவிட ஆறு நிமிடம் குறைவு. பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

12.25. பட்டியலைக் கேட்டான். ஐந்து பெயர்கள் வந்தன. ஐந்தாவது…

பிரபு-5.

கை பழக்கத்தில் தப்பாக அடித்திருப்போம் என்று அழித்தான். இந்த முறை எழுத்தெழுத்தாக வாய்விட்டுச் சொல்லியே அடித்தான்.

12.31. பட்டியல். பிரபு-5.

அண்ணாச்சிக்குப் போன் போட்டான்.

“பிரபு பேசுனானா அண்ணாச்சி?”

“இல்லயேல. ஏன்?”

“சும்மாதான்.”

எங்கிருந்தோ உள்ளே புகுந்து விளையாடுகிறான், படுபாவி. ஆனால் எப்படி? புது இயந்திரத்தின் சாவி பிறந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த மேசையைத் தாண்டவும் இல்லை.

12.38. இயந்திரத்துக்குள் நுழைந்தான். கடைசியாக எப்போது ஆள் வந்தது என்று முதல் வரியிலேயே காட்டும். புது இயந்திரத்தில் அந்த வரி வரவே கூடாது.

வந்தது.

கடைசி வருகை: வியாழக்கிழமை, மதியம் 1.47.

பத்து நாளுக்கு முந்தைய வியாழன். இயந்திரத்துக்கு வயது ஏழு நிமிடம்.

மின்விசிறி நின்றது. திரை மட்டும் எரிந்தது.

ட்டக்.

துண்டுக்கடியில்.

ட்டக்… ட்டக்…

அசாருதீனின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

எலி. எலியாகத்தான் இருக்கும். துண்டைத் தூக்கப் பயமாக இருந்தது. திரையை அணைத்தால் போதும். கீபோர்டின் மூலைப் பொத்தானைத் தேடித் துண்டுக்கடியில் கையை விட்டான்.

12.40.

ஒரு கை.

ஈரமான கை.

அவன் விரல்களைப் பிடித்தது. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். ஆள்காட்டி.

நாலு.

பிடித்தபடியே… காத்திருந்தது.

பதிலுக்கு.

உருவிக்கொண்டு ஓடினான். செருப்பு கடையிலேயே கிடந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றுதான் கையைப் பார்த்தான். நாலு விரலிலும் கரிசல் மண். ஈரமாக. விளாத்திகுளத்தில் மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது.

திங்கள் காலை 9.10. அண்ணாச்சியின் போன். இயந்திரத்தைப் பற்றி என்று நினைத்தான்.

“அசாரு… எட்டயபுரம் ரோட்டுல, கரிமூட்டத்துக்கு மரம் வெட்டுற ஆளுவ பாத்திருக்காவ. சீமைக்கருவேலங்காட்டு ஓடைக்குள்ள. பைக்குக்கு அடியில. நம்ம பிரபு.”

அசாருதீன் போனை மற்றக் கைக்கு மாற்றினான்.

“வாட்சு 1.47-ல நிக்குதாம். ஓடைல கொஞ்சம் சகதி கெடந்திருக்கு. வெளிய வர அதுலயே கையால தோண்டித் தோண்டிப் பாத்திருக்கான்ல. வெரலெல்லாம் மண்ணு.”

“வியாழக்கெழமயே போய்ட்டானா அண்ணாச்சி?”



“இல்லல. டாக்டரு சொல்லுதாரு… அதுக்கப்பொறம் நாலு நாளு உசுரு இருந்திருக்காம். யாராச்சும் தேடியிருந்தா… அவன் பெங்களூருக்குப் போய்ட்டாம்னுலா எல்லாரும் இருந்தோம்.”

வெள்ளி. சனி. ஞாயிறு. திங்கள்.

துண்டுக்கடியில் கேட்டது இந்த நாலு. கையை உருவிக்கொண்ட அசாருதீன் பக்கத்துப் பதில் இன்னும் பாக்கி.