வராந்தாவில் எழுதிய தேர்வு

மழை ஈரத்தில் அரக்கு உருகினால் என்ன மணம் வரும் என்று இப்போதைய வக்கீல்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும். தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூட வராந்தா, ஐப்பசி அடைமழை, காற்றில் அணைந்து அணைந்து எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் சிவப்பு அரக்குக் குச்சியைப் பிடித்துக்கொண்டு தேர்வுக் கண்காணிப்பாளர். அவருக்கு எதிரே, சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த பெண், தான் எழுதிய விடைத்தாள் உறைக்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் மனுதாரர். பெயர் இல்லாமலா இருக்கும்? ஆனாலும் இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் மனதில் அவர் மனுதாரர்தான். மழை கேட்கும்போதெல்லாம் அந்த வராந்தா எனக்குள் எங்கோ நனைந்துகொண்டிருக்கிறது.

அப்போது நான் சென்னையில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். கீழத்தஞ்சையிலிருந்து மனுதாரர் தன் தகப்பனாரோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார். எழுத்தர் வேலைக்கான அரசுத் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தார். சாதிச் சான்றிதழ் முறையாக இணைக்கப்படவில்லை என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயது வரம்பின்படி அதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. தேர்வுக்கு அதிக நாளும் இல்லை. அந்த வருடம் எழுதாவிட்டால் பிறகு என்றைக்குமே எழுத முடியாது.

குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த காலம் அது. சட்டம் வந்த வேகத்துக்குச் சளைக்காமல் சில பண்ணைகள் கூலியாட்களின் குடிசைகளைப் பிரித்துப்போடவும் தொடங்கியிருந்தன. மனுதாரரின் தெருவே அறுவடைக் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்த தெரு. அத்தனை பேரும் மனையை இழந்து வாய்க்கால் கரையில் கூரை போட்டிருந்தார்கள். சான்றிதழுக்குக் கிராம முன்சீப் பரிந்துரை எழுத வேண்டும். அவர் பண்ணைக்கு வேண்டியவர். "மனையில இருந்தாத்தான் ஊர்க்காரி, வாய்க்கா கரையில கெடக்கிறவளுக்கு ஊரேதுன்னுட்டாருங்க" என்றார் மனுதாரர். அடுத்தவர் வீட்டுச் செய்தியைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு தாசில்தாரே நேரில் விசாரித்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். அது கைக்கு வருவதற்குள் விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய்விட்டது.

அந்தத் தேதிக்குள் அனுப்பிய விண்ணப்பத்தில் சான்றிதழுக்குப் பதிலாக எதை வைத்தீர்கள் என்று கேட்டேன். தகப்பனார் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் தன் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்திருக்கிறார்கள். நகலும் கொண்டுவந்திருந்தார்கள். "இவர் நம் இனத்துத் தங்கை, நன்கு படித்தவர், ஆவன செய்யவும்" என்று இருந்தது. கீழே பெரிய கையெழுத்து, அதன் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப். சீனியர் இருமல் வரும்வரை சிரித்தார். அவர் முந்திக்கொள்ளாவிட்டால் நானே சிரித்திருப்பேன். தகப்பனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நம்ம ஆட்சி நடக்குதுங்க. நம்ம கிளைச் செயலாளர் எழுதினா செல்லாதுங்களா?" என்றார். சீனியரின் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. தலைமுறை தலைமுறையாக எந்த ஆபீசும் தன்னுடையது என்று நினைத்திராத மனிதர், முதல்முறையாக அப்படி நினைத்துச் செய்த தப்பு அது. அந்தத் தப்பின்மேல் எனக்கு இன்றைக்கும் பிரியம் உண்டு.

ரிட் மனு போட்டோம். அரசுத் தரப்பு வக்கீல் விதியை வரி வரியாகப் படித்தார். கடைசித் தேதி என்றால் கடைசித் தேதிதான் என்றார். சீனியர் அன்று குரலை உயர்த்தவே இல்லை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "இவர் தாசில்தார் கையெழுத்துப் போட்ட அன்றைக்கா அந்தச் சாதியில் பிறந்தார்?"  நீதிபதி இடைக்கால உத்தரவு சொன்னார். மனுதாரர் தேர்வு எழுதலாம். விடைத்தாளைத் தனி உறையில் அரக்கு வைத்து மூட வேண்டும். வழக்கு முடியும்வரை அதைத் திருத்தக்கூடாது.

உத்தரவின் நகல் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. தேர்வு ஞாயிற்றுக்கிழமை. தபாலை நம்ப முடியாமல் சனிக்கிழமை பகல் ரயிலில் நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது ரயில் தண்ணீருக்குமேல் நடப்பதுபோல மெதுவாகப் போயிற்று. சீர்காழிக்குப் பிறகு நிலம் எது, நீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இளம்பயிரின் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. வரப்புகள் எல்லாம் முழுகிக் கிடந்தன. எது பண்ணை நிலம், எது குத்தகை, எது புறம்போக்கு என்று அந்தத் தண்ணீரைக் கேட்டால் சொல்லாது. மடியில் உத்தரவை வைத்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் பார்த்துக்கொண்டே போனேன். ஆடுதுறையில் இறங்கினால் திருப்பனந்தாள் பக்கத்தில் எங்கள் வீடு. "கூலி கேட்டுக் கொடி புடிக்கிறவங்களுக்கா கோர்ட்டுக்குப் போற?" என்று கேட்டிருந்த அப்பா அங்கே இருந்தார். நான் இறங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மனுதாரரை உட்காரவைக்க இடமில்லை. அவர் எண் எந்த அறையின் பட்டியலிலும் இல்லையே. கண்காணிப்பாளர் உத்தரவை இரண்டு தடவை படித்தார். பிறகு ஒன்றாம் வகுப்பு பெஞ்சைத் தானே இழுத்துவந்து வராந்தாவில் போட்டார். நான் வாசல் மரத்தடியில் குடையோடு நின்றேன். நடுவில் சாரல் திசை மாறியது. மனுதாரர் முந்தானையை இழுத்து விடைத்தாளுக்குக் கூரை பிடித்துக்கொண்டு, மறு கையால் எழுதினார். முதுகு நனைவது அவருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. ஓட்டிலிருந்து விழுந்த நீர் அவரைச் சுற்றித் திரை கட்டியிருந்தது. உலகத்தில் அந்தப் பெஞ்சு ஒன்றுதான் மிச்சம் இருப்பதுபோல எனக்குத் தோன்றியது. அவர் எழுதி முடித்ததும் நானும் வராந்தாவில் ஏறினேன். உறையின் மடிப்பு ஈரத்தில் எழும்பி எழும்பி வந்தது. "நான் புடிச்சுக்கிறேன் சார்" என்று அவர் விரலால் அழுத்திக்கொண்டார். ஒரு சொட்டு அரக்கு விரல்மேல் விழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். சான்றிதழ் பழைய படிவத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரே அவளுடைய விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டதாம். அந்தக் காலத்தில் முன்சீப்பையாவது திட்டித் தீர்க்கலாம், திரையை என்ன செய்வது? மனு தயார் செய்கிறேன் என்றேன். "கேஸ் ஜெயிச்சா வேலை கிடைச்சிடுமா மேடம்?" என்று கேட்டாள். அவளுக்கு மனுதாரரின் மிச்சக் கதையைச் சொன்னேன்.

வழக்கில் ஜெயித்தோம். தகுதி கடைசித் தேதிக்கு முன்பே இருந்தால் போதும், அதற்கான சான்று பின்னால் வரலாம் என்று தீர்ப்பு வந்தது. அரக்கை உடைத்து விடைத்தாளைத் திருத்தினார்கள். மனுதாரர் தேறவில்லை. மதிப்பெண் போதவில்லை. முடிவைக் கேட்க அவர் ஆபீசுக்கு வந்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுபடி திருத்தச் சொல்லிக் கேட்கலாம், ஏதாவது வழி இருக்கும் என்று படபடவென்று பேசிக்கொண்டே போனேன். அவர் குனிந்து விரலைத் தடவிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். அழத்தான் செய்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க தெருப் பசங்க இனிமே தாசில்தார் காகிதத்தைப் பின்னாடி குடுக்கலாங்களா?" என்று கேட்டார். கொடுக்கலாம் என்றேன்.

"அப்ப விடுங்க வக்கீலம்மா. பாஸானவங்க, ஃபெயிலானவங்கன்னு ரெண்டு கூட்டம். மொதல்ல சர்க்காரு என்னை ரெண்டுலயும் சேக்கலீங்க. இப்ப ஒண்ணுல இருக்கேன். இது நானே எழுதி நானே வாங்குன ஃபெயிலுங்க."

சொல்லிவிட்டு அவர் கையை மேசைமேல் வைத்தார். அரக்கு விழுந்த இடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது. வெளியே சென்னை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் மழை மணத்தது.