குழிக்கு நிழல் பிடித்த நாள்

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் கேட்டது ஒன்றுதான். அம்மா படம் வேண்டும்.

எங்களில் தாய் இல்லாத பெண், தாயின் படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மேடை ஏறுவாள். எங்களிடம் படம் இல்லை. எனக்கும் என் மனைவிக்கும் கல்யாணமான வருஷம் ஸ்டுடியோவில் எடுத்தது ஒன்று இருந்தது. கடல் ஏறி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குள் தண்ணீர் வந்தபோது அது ஊறிப்போனது. சட்டத்தைப் பிரித்தேன். முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மிச்சம் இருப்பது வாக்காளர் அட்டை. அதில் கறுப்பாக ஒரு உருவம் இருக்கிறது. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

என் மனைவி இறந்தபோது மகள் நாலாம் வகுப்பு. என்னிடம் இருந்தது பட்டன் போன். அதில் படம் எடுக்க முடியாது.

எனக்கும் அவள் முகம் நினைவில் தேய்ந்துகொண்டு வந்தது. சத்தம் ஞாபகம் இருக்கிறது. நடை ஞாபகம் இருக்கிறது. மூக்கு எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதை மகளிடம் சொல்லவில்லை.

ஆனால் இன்னொரு படம் உண்டு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "என்னையும் ஒங்கப்பாவையும் சர்க்கார்ல படம் எடுத்திருக்காவ" என்று அவள் மகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். நானும் ஆமாம் என்பேன்.

கல்யாணத்துக்கு முன்பு நாங்கள் இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம் ஆற்றங்கரை மேடு ஒன்றில் மண் வேலை பார்த்தோம். பழங்காலத்து ஆட்களைப் பானைக்குள் வைத்துப் புதைத்த மேடு அது. முதுமக்கள் தாழி என்பார்கள். சர்க்கார் ஆட்கள் வந்து தோண்டினார்கள். நான் குழிக்குள் வெட்டுவேன். அவள் மண்ணை மேலே வாங்கிச் சல்லடையில் சலிப்பாள். பேச்சுக் கிடையாது.

ஒரு குழியில் மூன்று தாழி சேர்ந்தாற்போல் கிடைத்தது. நாளைக்குப் படம் எடுக்கிறோம் என்று சொன்னார்கள். மறுநாள் அவள் தலைக்குக் குளித்து, பச்சைச் சேலை கட்டி, பூ வைத்து வந்தாள். நான் துவைத்த சட்டை போட்டிருந்தேன். குழிக்குள் வெயில் அடித்தால் படம் கெட்டுப்போகுமாம். ஒரு வேட்டியை விரித்து எங்கள் இரண்டு பேரையும் ஆளுக்கொரு முனை பிடிக்கச் சொன்னார்கள். குழிக்கு நிழல். படம் எடுப்பவர் குழிக்கு எதிர்ப்பக்கம் ஏணி மேல் நின்றார். "அசையாதீங்க, அசையாதீங்க" என்றார். ரொம்ப நேரம் எடுத்தார். எனக்குக் கை இறங்கியது.

"கையத் தாழ்த்தாதீரும்" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"வலிக்கி."

"ரெண்டு முனையையும் நானே பிடிக்கேன். நீரு போய் சாயா குடியும்."

கையைத் தூக்கினேன். அந்த வருஷமே கல்யாணம். பிறகு மூட்டை இறக்கும் வேலைக்குக் கொச்சி வந்தோம்.

எங்கள் குடோனுக்கு அரிசி ஏற்றி வரும் லாரி டிரைவர் ஒருவர் அந்தப் பக்கத்து ஆள். மேட்டிலேயே மியூசியம் கட்டியிருக்கிறார்கள், தோண்டும்போது எடுத்த படமெல்லாம் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். வீட்டில் சொன்னேன். மகள் அன்றைக்கே லீவு கேட்டாள். அவளுக்கு சுள்ளிக்கல்லில் ஒரு துணிக்கடையில் வேலை.

விடிந்ததும் மட்டாஞ்சேரியிலிருந்து வைட்டிலா. அங்கிருந்து தென்காசி பஸ். மகள் வழியெல்லாம் போனில் மாப்பிள்ளையோடு மலையாளத்தில் பேசினாள். நடுவில் என்னிடம் திரும்பினாள்.

"அம்மா என்ன கலர் சேலை?"

"பச்சை."

"பூ?"

"பிச்சிப்பூ."

"ஒங்க சட்டை?"

"சட்டை."

"மதி, போதும். ரொம்பப் பேசாதீங்க, வாய் வலிக்கும்" என்றாள். அம்மா போலவே.

அன்று ராத்திரி திருநெல்வேலியில் என் அக்காள் வீட்டில் தங்கினோம். காலையில் மேட்டுக்குப் போனோம்.

மேடு எனக்கு அடையாளம் தெரியவில்லை. சுவர் வைத்து, கூரை போட்டு, உள்ளே கண்ணாடித் தரை. கண்ணாடிக்குக் கீழே குழி. குழிக்குள் தாழிகள் இருந்தபடியே இருக்கின்றன. எல்லோரும் அதன்மேல் நடந்தார்கள். எனக்குக் கால் வரவில்லை. ஓரமாகச் சுற்றிப் போனேன்.

"ஒடையாதுப்பா. வாங்க" என்றாள் மகள்.

"வாரேன். நீ போ."

சுவரில் படங்கள். மூன்றாவது படத்தில் என் குழி. மூன்று தாழி, வாய் உடைந்தது நடுவில். குழியின் விளிம்பு வரைக்கும் இருக்கிறது. விளிம்புக்கு மேலே கொஞ்சம் தரை. அதோடு படம் முடிகிறது.

ஆள் இல்லை.

மகள் கிட்டே போய்ப் பார்த்தாள். தள்ளி வந்து பார்த்தாள். மற்ற படங்களையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"இதாப்பா?"

"இதுதான்."

அங்கே ஒரு காவல்காரர் நின்றார். மகள் அவரிடம் போனாள். "அண்ணே, இதுல ஆளு நிக்கிற மாதிரி வேற படம் உண்டா?"

"ஆளா? ஆளு எதுக்குத் தாயி?"

"எங்கம்மா இதுல நிழல் பிடிச்சாங்க. வேட்டி வச்சு."

அவர் என்னைப் பார்த்தார். "நானும் இங்கன மண் சொமந்தவந்தான். படம் எடுக்கைல நம்மள வெளிய நிறுத்திருவாவ. கால் தடத்தைக்கூட பெருக்கச் சொல்லிருவாவ. குழிய மட்டுந்தான் எடுப்பாவ." பிறகு சொன்னார்: "நானும் அன்னிக்குப் பவுடர் போட்டுட்டுத்தான் வந்தேன், அண்ணாச்சி."

சிரிக்க வேண்டிய பேச்சு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி கடைசி வரைக்கும் நம்பினாள். தெரியாமல் போனது நல்லது என்று நினைத்தேன். உடனே, அவள் பக்கத்தில் நின்றிருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். அது தெரிந்தால் போதும் என்று இருந்தது.

மகள் படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அவளும் என்னைப் போல்தான். படத்தை நோக்கி விரலை நீட்டினாள்.

"இந்தக் கறுப்பு என்னது?"

குழியின் மேல் நிழல் விழுந்திருந்தது. மேல் பக்கம் வெயில், கீழ்ப் பக்கம் நிழல், நடுவில் ஒரு கோடு. கோடு சரிந்திருந்தது. வலது பக்கம் உயரம், இடது பக்கம் தாழ்வு.

"அதுதான் வேட்டி."

"அம்மா எந்தப் பக்கம்?"

"வலது."

"இப்படித் தொங்குறது நீங்களா?"

"ஆமா."

அவள் எழுந்து வலது ஓரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள். கோடு முடியும் இடத்தில், வெயில் பக்கம், சின்னதாக ஒரு முட்டு. வேட்டியின் நிழல் அல்ல. கை. இறுக்கிப் பிடித்த கை. கட்டை விரல்கூடத் தனியாகத் தெரிந்தது. என் கை படத்துக்கு வெளியே போயிருந்தது.

அந்தப் படத்தைத் தொடக்கூடாது என்று எழுதியிருந்தது. காவல்காரர் கண்ணாடித் தரைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் ஒரு விரல் வைத்தேன். வழவழவென்று இருந்தது. எடுத்துவிட்டேன்.

மகள் அந்தக் கையை மட்டும் போனில் எடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அதையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். புனலூர் தாண்டியதும் சொன்னாள்.

"இதை மண்டபத்துல வைக்க முடியாதுப்பா. பொணம் பொதச்ச குழின்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பிரியாணி சாப்பிடாமப் போயிருவாங்க."

"ஓட்டு அட்டையில இருக்கிற படத்தைப் பெருசு பண்ணிக்கலாம்."

"வேண்டாம். அது யாரோ."

கல்யாணம் மட்டாஞ்சேரியிலேயே நடந்தது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, பச்சைச் சேலை ஒன்றை மடித்து வைத்து, அதன்மேல் பிச்சிப்பூ வைத்து, முன்னால் விளக்கு ஏற்றினாள். கும்பிட்டுவிட்டு மேடை ஏறினாள். படம் எங்கே என்று என் அக்காள் கேட்டாள். கிடைக்கவில்லை என்றேன்.

தாலி கட்டியதும் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எடுத்தவர் மலையாளத்துப் பையன். "அனங்கல்லே, சேட்டா" என்றான். அசையாதீங்க அண்ணே என்கிறான். அந்தப் பேச்சைக் கேட்டதும் கை தானாக மேலே போகப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன்.

"நான் இதுல இருக்கேனா?" என்று கேட்டேன்.

"பின்னே? நடுவில் அல்லே நிக்குன்னது." நடுவில்தானே நிற்கிறேன் என்றான்.

மகள் முன்னாலிருந்து திரும்பாமலே சொன்னாள். "சேட்டா, அந்த நாற்காலியும் வருதான்னு பாருங்க."

அவன் இரண்டு எட்டு பின்னால் போனான்.