வெல்டா வராத மூன்று மாதம்

வெல்டா ஹார்ப் முப்பது வருடம் பள்ளிச் சமையலறையில் பரிமாறியவர். ஓய்வு பெற்ற மறுவாரம் என் பாருக்கு வந்து, இடமிருந்து இரண்டாவது சூதாட்ட மெஷின் முன் உட்கார்ந்தார். ஆறு வருடம் ஆயிற்று.

மெஷின் விழுங்குவதில் மூன்றில் ஒரு பங்கு வரி. பெரும்பகுதி மாநில அரசுக்கு; சொச்சம் எங்கள் ஊருக்கு. இல்லினாய் மாநிலச் சோளக்காடுகளுக்கு நடுவே நானூறு பேர் இருக்கும் ஊர். அந்தச் சொச்சத்தில்தான் பனி அள்ளும் வண்டி வாங்கினார்கள். அது தெருவில் போகும்போதெல்லாம், "என் வண்டி போகுது பாரு" என்பார் வெல்டா.

ஜனவரியில், பாருக்கு வரும் வழியில், தன் வீட்டெதிரே தெருவில் இருந்த குழியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் ஊர்த்தலைவர் ஆர்லன், கோழி போட்ட நூடுல்ஸோடு அவரைப் பார்க்கப் போனார். துணைக்கு நான்.

"எப்ப நடப்பீங்க, மிஸஸ் ஹார்ப்?"

"டாக்டர் நடக்கச் சொல்லிட்டார். குழிதான் விடமாட்டேங்குது. மூடு, வர்றேன்."

"மூடப் பணம் வேணுமே. நீங்க வராம வரி படுத்துடுச்சு. நீங்க வந்தா மூடிடலாம்."

"எப்படி வர்றது? பறந்தா?" என்னிடம் திரும்பினார். "வேற யாருமே ஆடறதில்லையா?"

"ஆடறாங்க. ஆனா உங்க அளவுக்குத் தோக்கத் தெரியல."

வெல்டா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டேய் ஆர்லன், நாலாம் கிளாஸ்ல ரெண்டாவது தட்டு கேட்டு என் முன்னாடி நின்ன மூஞ்சிதானே இது? குடுத்தேனா இல்லையா?"

"குடுத்தீங்க."

"காசு கேட்டேனா?"

மறுநாள் காலை, சொந்தக் கொட்டகைக்கு வாங்கி வைத்திருந்த சிமெண்டைக் கொண்டுவந்து ஆர்லனே குழியை மூடினார். "ஓரத்துல இன்னும் கொஞ்சம்" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தபடியே இருந்தது.

சனிக்கிழமை வெல்டா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். தன் இடத்தில் உட்கார்ந்து மெஷினுக்கு இருபது டாலரைக் கொடுத்தார். ஆர்லன் காப்பிக் கோப்பையோடு பின்னால் நின்றார். மூன்றாவது அழுத்தலில் மெஷின் கூவியது. எண்ணூறு டாலர்.

ஒருவர் ஜெயித்தால் ஊருக்கு வரும் சொச்சம் குறையும். சாவு வீட்டில் கைகொடுப்பதுபோல ஆர்லன் கைகொடுத்தார். "சந்தோஷம், மிஸஸ் ஹார்ப்."

"மூஞ்சியைத் தொங்கப்போடாதே. இங்கேருந்து என்னிக்காவது நான் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கேனா?"

ஆர்லன் என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். அவருக்கு மூச்சு வந்தது.

வெல்டா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பொத்தானில் கை வைத்தார்.

"சர்ச்சுக்குப் போற வழியிலயும் ஒரு குழி இருக்கு. ஞாபகம் வெச்சுக்கோ."